இன்ஹேலர் அடித்தும் இழுப்பு அடங்கவில்லையா?

எனக்கு 9 வயதில் தொடங்கிய ஆஸ்துமா இழுப்பு. 25 வருடம் இன்ஹேலர் அடித்த பிறகுதான், அதைச் சரியாக அடிக்கத் தெரியவில்லை என்பதே எனக்குத் தெரிந்தது. ஒரு நர்ஸ், "எங்கே, அடித்துக் காட்டுங்கள்" என்றார். காட்டினேன். வாயோரத்திலிருந்து மெல்லிசாக வெள்ளைப் புகை கிளம்பி மேலே போனது. "அதோ போகிறது பாருங்கள், உங்கள் மருந்து" என்றார்.

நீங்களும் இன்றைக்குக் கண்ணாடி முன்னால் நின்று அடித்துப் பாருங்கள். புகை தெரிந்தால் முறை தப்பு.

மூடியைக் கழற்றி நன்றாகக் குலுக்குங்கள். முதலில் மூச்சை வெளியே விட்டுவிட வேண்டும். நான் அதைச் செய்ததே கிடையாது. அப்புறம் வாய்ப்பகுதியை உதடுகளால் இறுக்கமாகக் கவ்வி, மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். இழுப்பது மெதுவாக, நாலைந்து விநாடி. சர்ரென்று இழுத்தால் மருந்து தொண்டையில் மோதி அங்கேயே தங்கிவிடும். முடிந்தால் 10 விநாடி மூச்சை அடக்குங்கள். அடுத்த பஃப்புக்கு அரை நிமிடமாவது பொறுத்து, மறுபடி குலுக்க வேண்டும்.

கையும் மூச்சும் ஒத்துவரவில்லையா? இன்ஹேலரின் வாயில் மாட்டி, மருந்தைப் பிடித்து வைத்து இழுக்க உதவும் குடுவையான ஸ்பேசர் வாங்கிவிடுங்கள். அது குழந்தைகளுக்கானது என்று நானும் வீம்பாக இருந்தவள்தான். சோப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உள்சுவரில் நிலைமின்சாரம் உண்டாகி மருந்து ஒட்டிக்கொள்ளும். பொடி மருந்து இன்ஹேலர் என்றால் கதையே வேறு: வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும், இன்ஹேலருக்குள் மூச்சை விடக் கூடாது, ஈரம் பட்டால் பொடி கட்டிக்கொள்ளும்.

சரி, முறை சரியானதும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. நான் அடித்துக்கொண்டிருந்தது நீல இன்ஹேலர் மட்டும். அதிலுள்ள சால்புட்டமால், மூச்சுக்குழாயைச் சுற்றி இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்தும். நாலு முதல் ஆறு மணி நேரம் நிம்மதி. ஆனால் குழாயின் உள்சுவர் வீங்கியிருப்பதை அது தொடாது. அந்த வீக்கத்தைக் குறைப்பது பியூடிசோனைடு, புளூட்டிகசோன் போன்ற ஸ்டீராய்டு இன்ஹேலர்கள்தான். 'ஜினா' என்ற சர்வதேச ஆஸ்துமா அமைப்பும், பெரியவர்கள் நீல இன்ஹேலரை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று 2019 முதல் சொல்லிவருகிறது.

ஸ்டீராய்டா என்று பயப்படுகிறவர்களுக்கு: மாத்திரையில் மில்லிகிராம் கணக்கு, இன்ஹேலரில் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரோகிராம் கணக்கு. அடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாயில் வெள்ளைப் படலம் படிவதும் குரல் கம்முவதும் குறையும். இதில் சிக்கல் என்னவென்றால், அடித்த உடனே ஒன்றும் தெரியாது; முழுப் பலன் தெரிய வாரங்கள் ஆகும். தெரிந்ததும் 'நன்றாகத்தானே இருக்கிறோம்' என்று நிறுத்தத் தோன்றும். நிறுத்தினேன். மூன்றாவது வாரம், விடியற்காலை மூன்று மணிக்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மருந்தைக் குறைப்பதாக இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுத்தான்.

நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கக் கடந்த நாலு வாரத்தை நினைத்துப் பாருங்கள். வாரத்தில் இரண்டு தடவைக்கு மேல் இழுப்போ, நீல இன்ஹேலரின் தேவையோ வந்ததா? இழுப்பால் இரவில் விழித்தீர்களா? ஏதாவது வேலையைத் தவிர்த்தீர்களா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் டாக்டரைப் பாருங்கள். மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரும் வைத்திருக்கிறேன். நின்றபடி மூன்று முறை ஊதி, அதிகமானதைக் குறித்துக்கொள்வேன். என் உச்சம் 420. அதில் 80 சதவீதமான 336க்குக் கீழே போனால் உஷாராவேன். பாதிக்கும் கீழே, அதாவது 210ஐத் தாண்டி இறங்கினால் அவசரம்.

தூண்டிவிடுபவை ஆளுக்கு ஆள் மாறும்: சளிக்காய்ச்சல், புகை, படுக்கைத் தூசியில் வாழும் சிற்றுண்ணி, பூஞ்சை, குளிர்காற்று. எனக்கு வயிறு குலுங்கச் சிரித்தாலே இழுக்கும், அதை மட்டும் விடுவதாக இல்லை. சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென் ஆகாது. கண் அழுத்தத்துக்குச் சொட்டு மருந்து எழுதினாலும் ஆஸ்துமா இருப்பதைச் சொல்லிவிடுங்கள்; அவற்றில் பீட்டா பிளாக்கர் வகை இழுப்பைக் கிளப்பக்கூடியது.

இன்னொன்று, காலியான இன்ஹேலரிலிருந்தும் காற்று புஸ்ஸென்று வரும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்க்கும் வித்தையை நம்பாதீர்கள். எண்ணிக்கை காட்டும் இன்ஹேலராகப் பார்த்து வாங்குங்கள்.

கடும் இழுப்பு வந்தால் படுக்க வைக்கக் கூடாது, நிமிர்ந்து உட்கார வேண்டும். ஸ்பேசரில் நீல இன்ஹேலர் 4 பஃப், ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றுக்கும் 4 மூச்சு. 4 நிமிடம் பார்த்துவிட்டு, அடங்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு மறுபடி 4. ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது என்றால் காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். ஆள் சோர்ந்துபோய் இழுப்புச் சத்தமும் நின்றுவிட்டால், அடங்கிவிட்டது என்று ஏமாந்துவிடாதீர்கள். காற்றே போகாதபோது சத்தமும் வராது.

உங்களுடையது வேறு வகை இன்ஹேலராக இருந்தால் அதற்கான அவசர முறையை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடைய தாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அந்த நேரத்தில் என்னால் பேச முடியாது, படிக்கப்போவது வேறு யாரோ. அதனால் எழுத்து பெரிசு. முதல் வரியே, இன்ஹேலர் எந்த டிராயரில் இருக்கிறது என்பதுதான்.