மஞ்சள் ரோஜா வாங்கப் போகிறீர்களா? மொட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள்

மஞ்சள் ரோஜாவில் மொட்டு அழகாக இல்லாத ரகமே கிடையாது. காலை எட்டு மணிக்கு நர்சரியில் போய் நின்றால் எல்லாச் செடியும் தங்க நிறத்தில் கூம்பிக்கொண்டு நிற்கும். அதே பூவை மறுநாள் மதியம் இரண்டு மணிக்குப் பார்க்க வேண்டும். ஒன்று வெளிறி வெள்ளைக்கு வந்திருக்கும். ஒன்றில் இதழ் ஓரமெல்லாம் கருகியிருக்கும். இன்னொன்று இதழைக் கொட்டிவிட்டுக் காம்போடு நிற்கும். எங்கேயோ ஒன்றுதான் மஞ்சளாகவே இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தச் செடி.

சிவப்பிலும் ரோஸிலும் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. மஞ்சளுக்கு நிறம் கொடுப்பது கரோட்டினாய்டு என்ற நிறமி. வெயிலில் அது சிதைந்துபோகும். எவ்வளவு சீக்கிரம் சிதையும் என்பது ரகத்துக்கு ரகம் மாறும், ஊருக்கு ஊரும் மாறும். அதனால்தான் ஓசூரில் இருக்கும் நாத்தனார் வீட்டில் பளிச்சென்று பூக்கிற செடி, தர்மபுரிக்கு வந்ததும் சோகை பிடித்த மாதிரி பூக்கிறது.

நான் கல்யாணத்துக்கு முன்பு பாகலூர் பக்கம் ஒரு நர்சரியில் மொட்டுக் கட்டும் வேலை பார்த்தவள். காட்டு ரோஜாத் தண்டில் ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி பட்டையைக் கீறி, நல்ல ரகத்தின் தண்டிலிருந்து எடுத்த துளிர்மொட்டை உள்ளே செருகி, பாலித்தீன் நாடாவால் சுற்றிக் கட்டுவோம். இப்போது பாலக்கோட்டில் குடித்தனம். மேட்டுப் பகுதியின் குளிர்ச்சியும் தெரியும், கீழே இருக்கும் வெயிலும் தெரியும். அந்த அனுபவத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் எந்த உயரத்தில் இருக்கிறீர்கள்?

தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர். ஓசூர் சுமார் 900 மீட்டர். ராயக்கோட்டை தாண்டி மேலே ஏறும்போதே காற்று மாறுவது முகத்தில் தெரியும். தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்க்காரர்கள் இதழ் நிறைய உள்ள பெரிய பூ ரகங்களைத் தாராளமாக வைக்கலாம், நிறம் நிற்கும். அவர்களுக்குத் தலைவலி வேறு: கார்த்திகை, மார்கழியில் இலையில் மாவு தூவின மாதிரி வரும் சாம்பல் நோய். தர்மபுரி, பாலக்கோடு, காரிமங்கலம், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரைக்காரர்கள் நிறம் நிற்கும் ரகமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். மணம், பூவின் அளவு எல்லாம் அப்புறம்.

சரி, ரகங்களுக்கு வருவோம்.

எங்கள் பக்கம் பேர் தெரிந்து விற்கிற மஞ்சளில் அதிகம் கிடைப்பது லாண்டோரா. ஜெர்மனியில் டான்டாவ் நர்சரி 1970-இல் வெளியிட்டது. வெளிநாட்டில் இதற்கு சன்பிளெஸ்ட் என்று பேர். நீண்ட காம்பு, கூரான மொட்டு, காம்புக்கு ஒரே பூ. ஜாடியில் வைக்க இதை மிஞ்ச முடியாது. எங்கள் வீட்டில் மாசி வரைக்கும் நல்ல மஞ்சளாக இருக்கும், சித்திரை வெயிலில் வெளிறும். மணம் லேசுதான். முதல் முறையாக மஞ்சள் ரோஜா வைப்பவர்களுக்குத் தைரியமாகச் சொல்லலாம், ஏனென்றால் கொஞ்சம் கவனம் தவறினாலும் பொறுத்துக்கொள்ளும்.

வெயிலுக்கு நான் முதலில் கை காட்டுவது மிடாஸ் டச். 1992-இல் அமெரிக்காவில் வந்த ரகம், 1994-இல் அந்நாட்டு ரோஜாத் தேர்வில் பரிசு வாங்கியது. கண்ணைப் பறிக்கிற மஞ்சள். பூ விரிந்த பிறகும் நிறம் அவ்வளவாக இறங்காது. இதழ் அதிகம் இல்லாததால் சீக்கிரம் விரிந்துவிடும், அதனால் ஜாடிக்கு லாண்டோரா அளவுக்கு வராது. செடியில் பார்த்து ரசிக்க இதுதான். கேட்டால் எல்லா நர்சரியிலும் இருக்காது. பெங்களூரு லால்பாக் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லி வையுங்கள்.

கோல்டு மெடல் என்று ஒன்று, 1982-இல் வந்தது. செடி ஆள் உயரம் போகும், முள்ளும் குறைவு. குளிர்காலத்தில் இதழ் நுனியில் லேசாக ஆரஞ்சு ஏறும், அது தனி அழகு. வேலி ஓரத்தில், பின்வரிசையில் வையுங்கள். முன்னால் வைத்தால் பின்னால் இருப்பதை எல்லாம் மறைத்துவிடும்.

பீஸ் ரோஜாவைப் பற்றிக் கேட்காதவர்கள் குறைவு. பிரான்சில் மெய்லாண்ட் குடும்பம் உருவாக்கி, இரண்டாம் உலகப்போர் முடிகிற 1945-இல் அமெரிக்காவில் இந்தப் பேரோடு வெளியானது. பெரிய பூ, வெளிர் மஞ்சள், ஓரத்தில் ரோஸ் நிறம். குளிர்ச்சியில் அந்த ரோஸ் ஓரம் நன்றாக ஏறும். ஓசூரில் வையுங்கள். பாலக்கோட்டில் வேண்டாம் என்பேன். சித்திரையில் மஞ்சளும் போய் ரோஸும் போய் வெறும் வெள்ளையாக நிற்கும். பேருக்காக வாங்குகிறவர்களை நான் தடுப்பதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பெரிய பூ. கொத்தாகப் பூக்கிற ரகங்களை நம் ஆட்கள் மதிப்பதே இல்லை. பூ சின்னது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு, அதிலும் தொட்டிக்கு, அதுதான் சரியானது என்பது என் கட்சி. ஒரு பூ வெளிறினால் பக்கத்தில் நாலு புதுசு இருக்கும். இதில் ஃப்ரீசியா என்ற ரகத்தைத் தேடிப் பாருங்கள். 1970-களில் ஜெர்மனியின் கோர்டெஸ் நர்சரியிலிருந்து வந்தது, சன்ஸ்ப்ரைட் என்றும் விற்பார்கள். அடர்ந்த மஞ்சள், நிறமும் நிற்கும், மணமும் தூக்கும். மஞ்சள் ரோஜாவில் இரண்டும் சேர்ந்து அமைவது அபூர்வம். ஆர்தர் பெல் என்ற இன்னொன்றும் மணத்தில் குறைந்ததில்லை, ஆனால் விரிந்ததும் பாலாடை நிறத்துக்கு இறங்கிவிடும். ஓசூர்க்காரர்களுக்கு ஓகே.

கொடியாக ஏற்ற வேண்டுமா? கோல்டன் ஷவர்ஸ். 1956-இல் வந்த பழைய ரகம். பத்தடி ஏறும், முள் குறைவு, வாசல் வளைவுக்குத் தோதானது. பூ தளர்வாக இருக்கும், இரண்டு மூன்று நாளில் கொட்டும், அடுத்தது பூக்கும். தினம் வாசல் கூட்டச் சலிப்பில்லாதவர்கள் வையுங்கள்.

தலையில் வைக்க மஞ்சள் ரோஜா வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. எங்கள் பக்கம் ‘பெங்களூர் ரோஸ்’ என்று சொல்கிற இந்தப் பெரிய பூக்கள் எதுவும் பன்னீர் ரோஜா மாதிரி சரத்தில் அடங்காது. “மஞ்ச வேணும்னா சாமந்தி இருக்குதே, அதுக்கு எதுக்கு இவ்ளோ பாடு?” என்று எங்கள் அத்தை கேட்பார். இந்த இரண்டு மாவட்டத்திலும் சாமந்திக்கா பஞ்சம்? அவர் கேட்பது நியாயம்தான். சாமி படத்துக்குத் தனிப் பூவாக வைக்க வேண்டுமென்றால் லாண்டோரா போதும்.

வாங்க வேண்டாம் என்று நான் சொல்கிற ஒன்று: தொட்டியில் வைத்து ‘டச்சு ரோஸ்’ என்று விற்கும் பசுமைக்குடில் ரகங்கள். ஓசூரைச் சுற்றிப் பசுமைக்குடில்களில் சிவப்புக்குத் தாஜ்மகால் மாதிரி, மஞ்சளுக்குக் கோல்டு ஸ்ட்ரைக் வளர்க்கிறார்கள். கடையில் பார்க்கும் அந்த மஞ்சள் பூ அருமையானது, சந்தேகமில்லை. ஆனால் அங்கே மேலே கூரை, சொட்டுநீரில் அளந்து உரம், தவறாமல் மருந்தடிப்பு. நம் வீட்டு மழையிலும் வெயிலிலும் வைத்தால் இலை கொட்டி, குச்சி குச்சியாக நிற்கும்.

செடியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

மாட்டுவண்டி போய் மினி லாரி வந்தாலும் தெருவில் செடி விற்கிறவர் சொல்லும் பதில் மாறவில்லை. “என்ன ரகம்ண்ணா?” என்றால் “மஞ்சதாங்கா” என்பார். அதற்காக அவரிடம் வாங்கவே கூடாது என்றில்லை. பேர் தெரியாத செடியிலும் பூ விரிந்து வயசானது ஒன்று இருந்தால் போதும். இளம் மொட்டை விட்டுவிட்டு வாடப்போகிற பூவைத் தேடுங்கள். அதில் மஞ்சள் மிச்சம் இருக்கிறதா, இதழ் ஓரம் சுத்தமாக இருக்கிறதா? ஓரம் பழுப்பேறிச் சுருண்டிருந்தால் பெரும்பாலும் இலைப்பேன் வேலை. வெளிர் நிறப் பூக்களில் அது எடுப்பாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் பூவை வெள்ளைத் தாள் மேல் தட்டுங்கள். ஊசி நுனி அளவில் நீளமாக ஏதாவது ஓடினால் அதுதான். நர்சரிக்காரர் அனுமதித்தால் மதிய நேரத்தில் போங்கள். காலை நேரத்துப் பூ எல்லாமே நல்ல பூதான்.

பூவுக்கு அப்புறம் அடித்தண்டு. மண்ணுக்குச் சற்று மேலே ஒரு முடிச்சு மாதிரி புடைத்திருக்கும். அதுதான் ஒட்டு. அதை விரலால் தடவிப் பாருங்கள். பட்டை இறுகி ஒட்டியிருக்க வேண்டும், பக்கத்தில் வெடிப்போ கருப்போ கூடாது. பாலித்தீன் நாடா இன்னும் சுற்றியே இருந்து தண்டை இறுக்கியிருந்தால், வீட்டுக்கு வந்ததும் பிளேடால் பின்பக்கம் கீறி எடுத்துவிடுங்கள். அப்படியே விட்டால் தண்டு அந்த இடத்தில் நெரிபட்டு, ஒரு காற்றில் முறியும். ஒட்டுக்கு மேலிருந்து பென்சில் தடிமனில் இரண்டு கிளையாவது வந்திருக்க வேண்டும். கீழிருந்து வரும் கிளை அடிச்செடியான காட்டு ரோஜாவுடையது. விற்பவர் அதையும் சேர்த்து “நல்லா தழைஞ்சிருக்குதுங்கா” என்று காட்டுவார்.

தண்டில் வெள்ளையாகச் செதில் அப்பியிருந்தால் அந்தச் செடி வேண்டாம், மற்ற செடிகளுக்கும் கொண்டுவந்துவிடும். இலையின் அடியில் நூலாம்படை மாதிரி இருந்தால் செஞ்சிலந்தி. பங்குனி, சித்திரையில் வாங்காதீர்கள். ஆடி, ஆவணியில் வாங்கி நட்டால் மழை பார்த்துக்கொள்ளும்.

மஞ்சளுக்கு மட்டும் கொஞ்சம் தனிக் கவனம்

இதற்குக் காரணம் அதன் பூர்வீகம். ஐரோப்பியத் தோட்டத்து ரோஜாவில் அடர்ந்த மஞ்சள் ரொம்ப நாள் இல்லை. பிரான்சின் லியோன் நகரத்துப் பெர்னே துஷே என்பவர் பாரசீக மஞ்சள் ரோஜாவோடு கலந்து 1900-இல் சொலேய் தோர் என்ற ரகத்தை வெளியிட்டார். இன்றைய மஞ்சள் ரோஜாக்கள் பெரும்பாலும் அந்த வழி வந்தவை. நிறத்தோடு கரும்புள்ளி நோய்க்கு இளகிய இலையையும், கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே வரும் குணத்தையும் அந்தப் பாரசீகப் பாட்டி கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதனால் இரண்டு செடிக்கு நடுவில் இரண்டு, இரண்டரை அடி விடுங்கள். தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், இலையில் தெளிக்காதீர்கள், அதிலும் சாயங்காலம் வேண்டவே வேண்டாம். கரும்புள்ளி வந்த இலையைப் பொறுக்கி எரியுங்கள்.

கவாத்து ஐப்பசி மழை ஓய்ந்ததும். சிவப்பு ரோஜாவை முட்டி உயரத்துக்கு வெட்டுகிற மாதிரி மஞ்சளை வெட்டாதீர்கள், மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் போதும். வெட்டிய இடத்தில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சை மருந்தைத் தண்ணீரில் குழைத்துத் தடவுங்கள். ஒன்றரை மாதத்தில் பூ வரும்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, அதே ஆழம். எங்கள் செம்மண்ணோடு மக்கிய தொழுவுரம் பாதிக்குப் பாதி, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. ஒட்டு மண்ணுக்கு இரண்டு விரல் மேலே இருக்கட்டும். கிழக்கு வெயில் ஐந்தாறு மணி நேரம் படுகிற இடம் வேண்டும். கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்கு மதிய வெயிலை மறைக்க முருங்கை மாதிரி ஒரு சன்ன நிழல் இருந்தால் நிறம் இன்னொரு நாள் கூட நிற்கும். மாமரத்தடி ஆகாது.

கடைசியாகத் தண்ணீர். இந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் கடினமும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஃபுளோரைடு தொல்லைக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இந்தத் தண்ணீரையே ஊற்றினால் கொழுந்து இலையில் நரம்பு பச்சையாக நிற்க, நடுவில் மட்டும் வெளுக்கும். அது இரும்புச் சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் இறங்கின பிறகு இலையில் லேசாக அடியுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை. பூவில் படாமல் அடியுங்கள், கறை பிடிக்கும். மாடியிலிருந்து வரும் மழைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால், தொட்டிச் செடிக்கு அதைவிட நல்லது இல்லை.

ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால்? தரையில் இடமிருந்தால் ஓசூரில் பீஸ், கீழே மிடாஸ் டச். பதினாறு அங்குலத் தொட்டிதான் என்றால் எந்த ஊரானாலும் ஃப்ரீசியா. அது கிடைக்கவில்லை, அடுத்த வாரமே கிரகப்பிரவேசம், வாசலில் மஞ்சளாக ஏதாவது பூத்தாக வேண்டும் என்கிறவர்கள் லாண்டோராவை வாங்கிக்கொள்ளுங்கள்.