நைந்த பட்டில் ஒரு பாவாடை

அம்மாவின் காஞ்சிபுரம் பட்டுப் புடவை பீரோவில் பல வருடங்களாக ஒரே மடிப்பில் கிடந்தது. விரித்தபோது மடிப்புக் கோடுகளெல்லாம் நைந்து விட்டுப்போயிருந்தன. ஜரிகைக் கரை மட்டும் அப்படியே பளபளத்தது. அதைப் பழைய பட்டு வாங்குபவரிடம் போட மனம் வரவில்லை. ஏழு வயது மகளுக்குப் பாவாடை தைக்க உட்கார்ந்தேன்.

முதல் முயற்சி வீணானது. கொசுவம் வைத்து இடுப்புப் பட்டியில் தைத்ததுமே, தையல் ஓடிய இடத்தில் பட்டு பிளந்துகொண்டது. பழைய பட்டு இழுவையைத் தாங்காது; பாரம் வேறொரு துணியின் மேல் விழ வேண்டும். எல்லாவற்றையும் பிரித்தேன். மல் என்கிற மெல்லிய பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்து (நனைக்காமல் வைத்தால் பின்னால் அது சுருங்கிப் பட்டையும் இழுத்துவிடும்), பட்டுக்கு அடியில் வைத்துக் கையால் நூலோட்டினேன். பிறகு இரண்டையும் ஒரே துணியாகப் பாவித்துக் கொசுவம் பிடித்தேன். தையல் மிஷினில் 16ஆம் நம்பர் ஊசியைக் கழற்றி, அதைவிட மெல்லிய 11ஆம் நம்பர் போட்டேன். தையலையும் சற்று நீளமாக வைத்தேன். நெருக்கித் தைத்தால் ஊசித் துளைகளே வரிசையாக நின்று பட்டைக் கிழித்துவிடும்.

ஐந்தரை மீட்டர் புடவையில் இரண்டரை மீட்டர்தான் தேறியது. அதற்குள்ளேயே கரைக்கு மேல் இரண்டு உள்மடிப்பு பிடித்திருக்கிறேன். வளர வளரப் பிரித்துவிடலாம். முந்தானையில் சட்டைக்குக் கைகள் கிடைத்தன.

அம்மா பாவாடையைத் திருப்பி, உள்ளே நூலோட்டிய இடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.