தார் ஜீப்பை விற்கும் முன் கழற்ற வேண்டியவை

மஹிந்திரா தார் ஜீப்புக்கு ஆசை ஆசையாய்ப் பெரிய டயர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், கனத்த இரும்பு பம்பர் எல்லாம் மாட்டிவிட்டு, ஓராண்டுகூட ஓட்டாமல் விற்கப் போகிறீர்களா? அவற்றில் போட்ட காசு வண்டி விலையில் முழுதாகத் திரும்பாது. நிறுவனம் தந்த பழைய சக்கரங்களும் பம்பரும் வீட்டில் கிடந்தால் அவற்றையே மாட்டுங்கள். கூடுதல் சாமான்களைத் தனியே விற்பதுதான் லாபம். சட்டச் சிக்கலும் குறையும். பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் உள்ள நிறுவன விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

வாங்க வருபவர் அடியில் படுத்துப் பார்ப்பார், பார்க்கட்டும். சேற்றைக் கழுவி வையுங்கள். ஆனால் கீறல்மேல் புதிதாகக் கறுப்பு பெயின்ட் அடிக்காதீர்கள். கீறலைவிட அந்தப் பெயின்ட்தான் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பும். பாறையில் உரசியதென்றால் உரசியது என்றே சொல்லுங்கள்.

உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டதோடு வேலை முடியவில்லை. அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாறுவதற்குள் வண்டி எங்காவது மோதினால், இழப்பீட்டு வழக்கில் உரிமையாளராக நிற்கப்போவது நீங்கள்தான்.