மெலட்டோனின் செலவு நிராமயாவில் திரும்பக் கிடைத்த கதை

ஆட்டிசம் உள்ள என் மகனுக்கு ராத்திரித் தூக்கமே கிடையாது. டாக்டர் தூக்கம் வர உதவும் மெலட்டோனின் மாத்திரை எழுதினார். மாதாமாதம் அந்தச் செலவு கையைக் கடித்தது.

ஆட்டிசம் போன்ற குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. வெளிநோயாளி மருந்துச் செலவும் ஒரு வரம்புக்குள் சேரும். ஆனால் எங்கள் பில்லை ‘சத்து மாத்திரை’ என்று திருப்பிவிட்டார்கள். தூங்காத பிள்ளைக்குச் சத்து மாத்திரையாம்!

அண்ணா நகர் மருந்துக்கடை அண்ணன்தான் வழி சொன்னார். அப்புறம் டாக்டரிடம் புதுச் சீட்டு வாங்கினேன்: ஆட்டிசம், அதனால் வரும் தூக்கக் குறைபாடு, மாத்திரையின் அளவு, எத்தனை நாளைக்கு, பதிவு எண்ணோடு கையெழுத்து. பில்லையும் மகன் பெயரிலேயே போடச் சொல்லி, அசலை இணைத்து அனுப்பினேன். பணம் கணக்கில் ஏறியது. காப்பீட்டை மட்டும் வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும்.