டேப் விலகும்போது முதலில் திரையைத் தொடாதீர்கள்: டேப்பிங் இயந்திரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பயிற்சிக்கு வந்த இருவர் சென்ற வாரம் டேப்பிங் இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருந்தார்கள். ஐசி எனப்படும் மின்னணுச் சில்லுகளைப் பிளாஸ்டிக் டேப்பிலுள்ள பாக்கெட் என்ற சிறு குழிகளில் அடைத்து மூடும் இயந்திரம் அது. ஐசி பாக்கெட்டுக்குள் நேராக இறங்காமல் முன்சுவரை உரசியபடி விழுந்துகொண்டிருந்தது. ஒருவர் பூதக்கண்ணாடி வழியே பாக்கெட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்" என்றார். மற்றவர் திரையில் ஆஃப்செட் (பாக்கெட்டில் ஐசி இறங்கும் இடத்தை முன்பின் நகர்த்தும் எண்) அம்புக்குறியை ஒருமுறை தொட்டார். "இன்னும் கொஞ்சம்." மீண்டும் ஒரு தொடுகை. நான்காவது தொடுகையில் ஐசி பாக்கெட்டின் நடுவில் அழகாக அமர்ந்தது; இருவரும் மகிழ்ந்தார்கள். பின்னால் நின்ற எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பல ஆண்டுகளுக்கு முன் அதே அம்புக்குறியை அதே மகிழ்ச்சியோடு தொட்டவன் நான்.

டேப்பைத் தலைகீழாகக் கோர்ப்பது, வழிகாட்டித் தகட்டின் மூடியைப் பூட்ட மறப்பது, 12 மி.மீ. டேப்புக்கு 8 மி.மீ. தடத்தை மாட்டுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை இயந்திரமே முதல் நிமிடத்தில் காட்டிக் கொடுத்துவிடும். வேலை சரியாக நடப்பதுபோல் தோற்றம் தந்துவிட்டு, ரீல்கள் நிறைந்த பிறகு தலையில் விழும் தவறுகளே என் அக்கறை.

காரணம் தெரியாமல் ஆஃப்செட்டை மாற்றுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஆகவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அப்போது நான் எட்டுக் கால்களுடைய எஸ்ஓஐசி வகை ஐசிகளை டேப்பில் அடைத்துக்கொண்டிருந்தேன். 12 மி.மீ. அகலமுள்ள டேப், பாக்கெட்டுக்குப் பாக்கெட் 8 மி.மீ. இடைவெளி, 13 அங்குல ரீல் ஒன்றுக்கு 2500 ஐசிகள். இரவுப் பணி தொடங்கிய ஒரு மணி நேரத்தில் ஐசி பாக்கெட்டின் ஒரு சுவரை உரசத் தொடங்கியது. ஆஃப்செட்டில் 0.05 மி.மீ. கூட்டினேன்; சரியாயிற்று. இன்னொரு மணி நேரம் கழித்து மீண்டும் உரசியது, மீண்டும் 0.05 கூட்டினேன். விடிவதற்குள் ஆறு முறை கூட்டியிருந்தேன். மொத்தம் 0.30 மி.மீ. ஆயிற்று. ஓர் இரவு முழுவதும் இயந்திரத்தை நிறுத்தாமல் ஓட்டிவிட்டேன் என்ற பெருமையோடு வீட்டுக்குப் போனேன்.

காலைப் பணிக்கு வந்தவர் வழக்கம்போல, டேப்பை இழுக்கும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைத் தூரிகையால் துடைத்துவிட்டு இயந்திரத்தை ஓட்டினார். நான் ஆஃப்செட்டை மாற்றியது அவருக்குத் தெரியாது. நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வோர் ஐசியும் இப்போது எதிர்ச்சுவரில் மோதி, சறுக்கி, பாக்கெட்டுக்குள் விழுந்தது. பாக்கெட்டுகளை மூடும் கவர் டேப் அதன் மேல் ஒழுங்காகவே ஒட்டிக்கொண்டது. வெளியிலிருந்து பார்த்தால் ரீலில் எந்தக் குறையும் இல்லை. மூன்று ரீல்கள் நிறைந்த பிறகு, மாதிரிக்காக உரித்துப் பார்த்தபோதுதான் கால்கள் வளைந்திருப்பது தெரிந்தது. எஸ்ஓஐசியின் கால்கள் எல்லாம் 0.1 மி.மீ. அளவுக்குள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு கால் தூக்கினாலும் மின்சுற்றுப் பலகையில் பற்றவைக்கும்போது அந்தக் கால் காற்றில் நிற்கும். எது வளைந்தது, எது வளையவில்லை என்று கவர் டேப் வழியே கண்ணால் பிரிக்க முடியாது. ஆகவே 7500 ஐசிகளையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக அளந்து, தேறியவற்றைப் புது டேப்பில் மீண்டும் அடைத்தோம்.

என் மூத்தவர் என்னைத் திட்டவில்லை. தூரிகையில் ஒட்டியிருந்த வெண்மையான தூளைக் காட்டி, "தம்பி, ராத்திரி பல்லைப் பார்த்தாயா?" என்று மட்டும் கேட்டார்.

நடந்தது இதுதான். டேப்பின் ஸ்ப்ராக்கெட் துளை 1.5 மி.மீ. விட்டமுடையது. அதற்குள் நுழையும் பல்லின் அடிப்பகுதி துளையை ஏறத்தாழ நிரப்பும், நுனியோ ஒடுங்கியிருக்கும். டேப் பல்லின் அடிவரை இறங்கி உட்கார்ந்தால் முன்பின் அசைவுக்கு இடம் மிகக் குறைவு. அன்றிரவு துளைகளின் ஓரத்திலிருந்து உரிந்த பிளாஸ்டிக் தூள் பற்களின் அடியில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, டேப்பை மேலே தூக்கிக்கொண்டே வந்திருக்கிறது. டேப் உயர உயர, துளைக்குள் இருந்தது பல்லின் ஒடுங்கிய பகுதி. வெற்று டேப்பைத் தரும் வழங்கு ரீலின் பிரேக் பின்னோக்கி இழுத்ததால் டேப் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சற்றுப் பின்தங்கி நின்றது. நான் மருந்து கொடுத்தது திரைக்கு. நோய் இருந்ததோ பல்லின் அடியில். தூளைத் துடைத்ததும் நோய் போயிற்று, நான் கொடுத்த மருந்து மட்டும் நஞ்சாக நின்றுவிட்டது.

ஆஃப்செட்டைத் தொடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்த வகை விலகலுக்கு அது மருந்து என்று தெரிந்த பிறகு தொடலாம். அதற்கு நான் செய்வது எளிமையானது. கவர் டேப்பை ஒட்டாமல் 40 பாக்கெட்டுகளை ஓடவிடுவேன். ஐசி எந்தப் பாக்கெட்டில் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று டேப்பின் ஓரத்திலேயே பேனாவால் குறிப்பேன். பிறகு அந்தத் துண்டை மேசையில் நீட்டி வைத்துப் பார்த்தால் விலகலின் நடை தெரியும்.

எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே அளவு, ஒரே பக்கம் விலகல் என்றால், அமைப்பில் உள்ள நிலையான பிழை. பற்களும் தடமும் சுத்தமாக இருப்பதை உறுதிசெய்த பிறகு ஆஃப்செட்டை மாற்றலாம். விலகல் சீரான இடைவெளியில் வந்து போனால் சுழலும் ஏதோ ஒன்றில் குறை இருக்கிறது. எடுத்துக்காட்டாக, ஸ்ப்ராக்கெட்டில் 24 பற்கள் இருந்தால், துளைகளின் இடைவெளி 4 மி.மீ. என்பதால், ஒரு சுற்றுக்கு டேப் 96 மி.மீ. நகரும்; 8 மி.மீ. இடைவெளியுள்ள டேப்பில் அது 12 பாக்கெட்டுகள். ஒவ்வொரு பன்னிரண்டாவது பாக்கெட்டும் கெட்டுப்போனால், ஒரு பல் தேய்ந்திருக்கிறது அல்லது வளைந்திருக்கிறது என்று அந்தத் துண்டு டேப்பே சொல்லிவிடும். ஒரே திசையில் விலகல் வளர்ந்துகொண்டே போனால் பல்லின் அடியில் படியும் தூளையும், ஸ்ப்ராக்கெட்டை அச்சோடு பிடித்திருக்கும் திருகு தளர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். எந்த ஒழுங்கும் இல்லாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக விலகினால் பெரும்பாலும் இழுவிசைதான் காரணம்: பிரேக் பட்டை விட்டுவிட்டுப் பிடிக்கிறது, அல்லது வழங்கு ரீலில் டேப்பின் சுற்றுகள் ஒன்றோடொன்று சிக்கி, பிறகு சட்டென்று விடுபடுகின்றன. இந்த நான்கில் முதலாவதைத் தவிர மற்ற மூன்றிலும் ஆஃப்செட்டை மாற்றுவது, கசியும் குழாயின் கீழே வாளியை நகர்த்தி நகர்த்தி வைப்பதற்குச் சமம்.

சென்ற வாரப் பயிற்சியாளர்களின் டேப்பையும் அப்படித்தான் நீட்டிப் பார்த்தோம். விலகலில் ஒழுங்கே இல்லை. நான்காவது தொடுகையில் நடுவில் அமர்ந்த அந்த ஐசி, தற்செயலாக அமர்ந்தது.

ஒரே நேரத்தில் இரண்டைத் திருகுவது

கூடாது. எது சரிசெய்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

பக்கவாட்டு விலகலுக்குக் கவர் டேப்பைக் குற்றம் சொல்வது

நீளவாக்கில் விலகுவது ஒரு நோய். பக்கவாட்டில் விலகுவது வேறு நோய். கவர் டேப் ஸ்ப்ராக்கெட் துளைகளின் மேல் ஏறுவதைப் பார்த்ததும், புதியவர்களின் கை நேராகக் கவர் டேப்பின் உருளையை நோக்கித்தான் போகிறது. அதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். டேப்பின் அளவுகளை வகுக்கும் ஈஐஏ-481 தரத்தின்படி துளையின் மையம் டேப்பின் ஓரத்திலிருந்து 1.75 மி.மீ. தள்ளி இருக்கும். துளையின் ஆரம் 0.75 மி.மீ.; ஆக, ஓரத்திலிருந்து 2.5 மி.மீ. வரை துளைக்குச் சொந்தம். 12 மி.மீ. டேப்பில் மிச்சம் 9.5 மி.மீ. இதற்குப் பெரும்பாலும் பயன்படும் கவர் டேப்பின் அகலம் 9.3 மி.மீ. துளையையும் மூடாமல், மறுபக்க ஓரத்துக்கு வெளியேயும் நீட்டாமல் கவர் டேப் உட்கார இருக்கும் இடம் மொத்தமே 0.2 மி.மீ. இவ்வளவு குறுகிய இடத்தில், ஐசிகளைத் தாங்கும் கேரியர் டேப் பக்கவாட்டில் அலைந்தால், கவர் டேப்பின் உருளையை எங்கே வைத்தாலும் ஏதோ ஒரு பக்கம் தப்பத்தான் செய்யும். ஆகவே கேரியர் டேப்பை முதலில் நேராக ஓடவையுங்கள்.

அதற்குத் துளை இருக்கும் பக்கத்து வழிகாட்டியே அடிப்படை. அளவுகள் எல்லாம் அந்த ஓரத்திலிருந்துதான் எடுக்கப்படுகின்றன. அந்தப் பக்கத்தை அசையாமல் இறுக்கிவிட்டு, எதிர்ப்பக்கம் மெல்லிய வில்லழுத்தத்தோடு டேப்பை இதை நோக்கித் தள்ளும்படி விட வேண்டும். இருபுறமும் டேப்பை ஒட்டி இறுக்கிவிடுபவர்கள் உண்டு. 12 மி.மீ. டேப் என்ற பெயரில் வருவது 12.3 மி.மீ. வரை இருக்கலாம் என்று தரமே அனுமதிக்கிறது. இன்றைக்குக் கையில் இருக்கும் ஒல்லியான டேப்புக்கு இறுக்கி வைத்தால், நாளைக்கு வரும் அடுத்த ரீல் தடத்தில் சிக்கிக் கூன் போட்டு நிற்கும்.

டேப்பே வளைந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். 250 மி.மீ. நீளத்தில் 1 மி.மீ.க்கு மேல் பக்கவாட்டில் வளைந்த டேப்பைத் திருப்பி அனுப்புங்கள். அதை நேராக்கும் திருகு எந்த இயந்திரத்திலும் இல்லை.

சரியாக ஒட்டவில்லை என்றதும் சூட்டைக் கூட்டுவது

டேப் கோணலாக ஓடினால், கவர் டேப்பைச் சூட்டால் அழுத்தி ஒட்டும் ஒட்டுக் கட்டையின் ஒரு விளிம்பு டேப்பின் ஓரத்தில் சரியாகவும் மற்ற விளிம்பு அதற்கு வெளியிலும் படும். ஒரு பக்கக் கோடு நன்றாக ஒட்டும். மறுபக்கக் கோடு உரியும். இதைப் பார்த்துவிட்டு 10 டிகிரி கூட்டுபவர்கள், உரிகிற பக்கத்தை ஒட்டவைப்பதற்காக ஏற்கெனவே நன்றாக ஒட்டிய பக்கத்தை வேகவைக்கிறார்கள். பாலிஸ்டைரீன் டேப் சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும் பொருள். கட்டை தொடும் நேரம் மிகக் குறைவு என்பதால்தான் அதைவிட உயர்ந்த சூட்டைத் தாங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் அதிகமாக வெந்த டேப் ஆறும்போது அந்தப் பக்கம் சுருங்கி, வாழைப்பழம்போல் வளையும். விலகலைச் சரிசெய்யப் போய் விலகலை உற்பத்தி செய்த கதையாகும்.

ஒட்டு சரியா என்பதை விரலால் உரித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உரிவிசை அளவி இருக்கிறது: நிமிடத்துக்கு 300 மி.மீ. வேகத்தில், 165 முதல் 180 டிகிரி கோணத்தில் உரிக்க வேண்டும். 8 மி.மீ. டேப்புக்கு 0.1 முதல் 1.0 நியூட்டன், 12 மி.மீ. முதல் 56 மி.மீ. வரையிலான டேப்புக்கு 0.1 முதல் 1.3 நியூட்டன் என்பது ஏற்கத்தக்க எல்லை. சராசரி எண்ணோடு நின்றுவிடாமல் வரைகோட்டையும் பாருங்கள். சீரான இடைவெளியில் ஏறி இறங்கும் கோடு, கட்டை டேப்பின் மேல் சமமாக அமரவில்லை என்று சொல்கிறது.

கட்டை கீழே இறங்கிய நிலையில் இயந்திரத்தை நிறுத்துவது

கட்டைக்கு அடியில் மாட்டிய அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள். அது சுருங்கியிருக்கும்.

வெயில்மேல் பழி போடுவது

"அறை சூடாகிவிட்டது, டேப் நீண்டுவிட்டது" என்று ஒவ்வொரு பணிநேரத்திலும் யாராவது சொல்வார்கள். பாலிஸ்டைரீன் ஒரு டிகிரிக்குத் தன் நீளத்தில் சுமார் ஒரு லட்சத்தில் 7 பங்கு விரியும். பத்துத் துளை இடைவெளி, அதாவது 40 மி.மீ. நீளம், 10 டிகிரி மாறினால் 0.03 மி.மீ.கூட விரியாது. அதே பத்து இடைவெளிக்குத் தரம் தரும் சலுகையே கூட்டியும் குறைத்தும் 0.2 மி.மீ. ஆகவே இந்தச் சாக்கு பெரும்பாலும் பொய். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: ஐசி இறங்கும் இடத்துக்கும் டேப்பை இழுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே 300 மி.மீ. தூரம் இருக்கும் பழைய வடிவமைப்புகளில், அதே 10 டிகிரி 0.2 மி.மீ. விலகலைத் தரும். உங்கள் இயந்திரத்தில் அந்தத் தூரம் எவ்வளவு என்று ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொண்டால், இந்த வாதம் ஒரே நிமிடத்தில் முடியும்.

ஒட்டுப்போட்ட இடத்தை அளக்காமல் விடுவது

ஒரு ரீல் தீர்ந்து அடுத்ததை இணைக்கும்போது, இணைப்பின் மேல் பத்துத் துளை இடைவெளியை அளந்து பாருங்கள். 40 மி.மீ. வர வேண்டும். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த இணைப்பு அரை மி.மீ. தவறியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இணைப்பு ஸ்ப்ராக்கெட்டின் மேல் வரும்போது பல் துளைக்குள் இறங்காமல் ஓரத்தைக் கிழிக்கும். அடுத்து வரும் டேப் முழுவதும் கோணலாக ஓடுவதற்கு அந்த ஒரு கிழிசலே போதும்.

மாற்றியதை எழுதி வைக்காதது

எழுதுங்கள்: நேரம், பழைய எண், புதிய எண், காரணம். காரணம் என்ற கட்டத்தை நிரப்பத் தெரியவில்லை என்றால் பழைய எண்ணையே திரும்ப வைத்துவிட்டு, தூரிகையை எடுத்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட் பக்கம் போங்கள்.