திருடனை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள்

தக்கலையில் தம்பி வீட்டில் இருந்தேன். ஆனி மழை விடாமல் கொட்டிய மதியம். தம்பி மகன் கணினியில் ‘பால்டர்ஸ் கேட் 3’ ஆடிக்கொண்டிருந்தான். கதவு திறந்ததும் அவன் ஆட்டத்தில் எடுத்திருந்த திருடன் பாத்திரம் மூன்று கோப்ளின்களுக்கு, அதாவது குட்டிப் பூதங்களுக்கு, நடுவே ஓடிப் போய் நின்றான். இரண்டாம் சுற்றிலேயே சரிந்தான். “திருடனுக்குப் பலமே இல்லை, பெரியப்பா” என்று சலித்துக்கொண்டான் பையன்.

திருடனைப் போர்வீரன்போல ஆடுவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. 2023இல் வெளிவந்த இந்த விளையாட்டில் திருடனின் சொத்து ‘ஸ்னீக் அட்டாக்’ என்ற மறைதாக்குதல். அதற்கு நிபந்தனை உண்டு. நமக்குச் சாதகமான நிலை அமைய வேண்டும். இல்லையென்றால் எதிரிக்கு ஒன்றரை மீட்டருக்குள் நம் ஆள் ஒருவர் நிற்க வேண்டும். கையில் குத்துவாள், மெல்லிய வாள், வில் போன்றவை இருக்க வேண்டும். தடித்த தண்டாயுதம் உதவாது. பாத்திரத்தின் முதல் நிலையில் (லெவல்) அடியின் வலுவோடு ஒரே ஒரு ஆறுமுகப் பகடையில் விழும் எண் கூடும். ஐந்தாம் நிலையில் மூன்று, பதினொன்றில் ஆறு. இவ்வளவையும் சும்மா விட்டுவிட்டு முதல் ஆளாகப் பாய்வது வீண். வீரன் போய் எதிரியை மடக்கட்டும். திருடன் பின்னால் வந்து குத்தட்டும். இரண்டாம் நிலை முதல் குத்திய அதே சுற்றிலேயே விலகவோ ஒளியவோ அவனால் முடியும். அதையும் மறந்துவிடுகிறார்கள்.

அடுத்தது வெளிச்சம். பத்மநாபபுரம் அரண்மனையில் மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்குள் வெயிலிலிருந்து நுழைந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். வண்ண அபிரகம் பதித்த சன்னல்களால் உள்ளே மங்கல். நுழைகிறவருக்குச் சிறிது நேரம் எதுவும் தெரியாது. உள்ளே நிற்பவருக்கோ வருகிறவர் பளிச்சென்று தெரிவார். திருடன் நிற்க வேண்டிய இடம் அந்த மங்கல்தான். பதுங்கும்போது எதிரியின் பார்வைப் பரப்பு திரையில் சிவப்பாகத் தெரியும். வெளிச்சத்தில் அதற்குள் கால் வைத்தால் உடனே அகப்படுவோம். அரைநிழலென்றால் பகடை காப்பாற்றக்கூடும். பதுங்குவதற்கு இடைஞ்சலான கனத்த கவசத்தைத் திருடனுக்கு மாட்டிவிடவும் கூடாது.

பொறிகள் விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். திருடன் பொறியைக் கண்டு நின்றுவிடுவான். பின்னால் கூட்டமாக வரும் தோழர்கள் நேராக அதை மிதித்துவிடுவார்கள். திரையோரத்தில் நம் ஆட்களின் முகப்படங்கள் சங்கிலிபோல் இணைந்திருக்கும்; அதிலிருந்து திருடனைப் பிரித்து, அவனை மட்டும் முன்னே அனுப்ப வேண்டும். மற்றவர்கள் வாசலிலேயே நிற்கட்டும்.

பாத்திரத்தை உருவாக்கும்போதே டெக்ஸ்டெரிட்டி என்ற லாவகத்துக்கு அதிக மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். பூட்டுத் திறப்பதும் பிறர் மடியில் கைவைத்துத் திருடுவதும் அதை நம்பித்தான். திருடு போனதை வணிகர் சற்று நேரத்தில் உணர்ந்து அக்கம்பக்கத்தில் தேட வருவார். கைவைத்ததும் அந்த இடத்தைவிட்டே போய்விட வேண்டும். தோழர்களையும் அங்கே நிறுத்தி வைக்கக்கூடாது.