கோத்தா திங்கி அருவிக்குச் செல்வோர் கவனத்திற்கு

சிங்கப்பூரிலிருந்து காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பக்கூடிய, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள கோத்தா திங்கி அருவிக்கு, வடகிழக்குப் பருவமழை வலுக்கும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் செல்லாதிருப்பதே நல்லது.

அருவியடியில் வெயில் அடித்தாலும், மேலே மலைக்காட்டில் பெய்த மழை, மலாய் மொழியில் ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் திடீர் வெள்ளமாகச் சில நிமிடங்களில் இறங்கிவிடும். தெளிந்த நீர் கலங்கினாலோ, இலைகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, சோற்றுப் பொட்டலத்தையும் பையையும் எடுக்க நிற்காமல், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஆற்றைக் குறுக்கே கடக்க முயலக் கூடாது.

பாசி படிந்த பாறைகள் வழுக்கும் என்பதால் பிடிப்புள்ள காலணி தேவை. நுரை பொங்கும் நீர் உடலை மிதக்க விடாது. ஆகவே அருவி விழும் இடத்தில் நீச்சல் தெரிந்தவர்களும் இறங்க வேண்டாம். மலேசியாவில் அவசர உதவிக்கு 999 எண்ணை அழைக்கவும்.